பஞ்சதந்திரக் கதையை வைத்துப் பிறந்தநாள்: புறாவும் வலையும் எலியும் எப்படிக் கொண்டு போகலாம்? (திருகோணமலை)

நிலாமுற்றம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் நடுவில் மகளுக்கு 7 வயது. இந்தமுறை கார்ட்டூன் படம் வேண்டாம், பஞ்சதந்திரத்தில் வாற அந்த நாலு கூட்டாளிகள் கதைதான் வேணும் என்று நிக்கிறாள். புறாக்கள் வலையோட பறந்து போய் எலியிட்ட உதவி கேக்கிறது, பிறகு காகம், ஆமை, மான் எல்லாம் சேருகிற கதை.

16 பிள்ளைகள் வருவினம், 6 முதல் 8 வயது. வீடு உவர்மலையில. முன்பக்கம் மணல் முற்றம், 12 மீற்றருக்கு 8 மீற்றர் இருக்கும், ஒரு வேம்பு நிக்குது, அதை ஒட்டி விறாந்தை. உதவிக்குப் பெரியாக்கள் 5 பேர். திருக்கடலூரில தெரிஞ்ச ஆக்களிட்டப் பழைய மீன்வலை இருக்கு, அதையே எடுத்து விளையாடலாமோ? ஆமை வடிவில கேக் செய்தால் இந்த வெக்கைக்கு நிக்குமோ? பிள்ளைகளில முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கினம், முட்டைகூடச் சாப்பிடாத சைவக்காரரும் இருக்கினம். இது மூன்றும்தான் பெரிய யோசனை. கதையைப் பிள்ளைகளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டும் ஆராவது சொன்னால் நல்லம்.

முன்பள்ளிமேசை எழுதியது:

நல்ல தெரிவு. இந்தக் கதைக்குச் சோடனைக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை, விளையாட்டு கதைக்குள்ளேயே இருக்கிறது. கதையைத் துண்டு துண்டாகச் சொல்லி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அதையே முற்றத்தில் விளையாட விடுங்கள். முழுக்கதையையும் இருத்தி வைத்து 15 நிமிடம் சொன்னால் பாதிப் பேர் பாயைப் பிய்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இது பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி, மித்திரலாபம். பழைய தமிழ்ப் பதிப்புகளில் சுகிர்லாபம் என்று இருக்கும். கதைக்குள் கதையாக நிறைய வரும். எலி தன் பழைய வாழ்க்கையைச் சொல்வது, சந்நியாசியின் பிச்சைப் பாத்திரம், இவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மூன்று காட்சி போதும்: வலை விழுவது, எலி கடிப்பது, வேடனிடமிருந்து ஆமையை மீட்பது.

முதல் துண்டு மூன்று நிமிடம். வேடன் தானியம் தூவுகிறான், புறாக்கள் இறங்குகின்றன, வலை விழுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். முதலில் பத்து விநாடி ஒவ்வொருவரும் தான் நினைத்த பக்கம் இழுக்கட்டும். வலை எங்கேயும் போகாது. பிறகு புறா அரசன் சொல்ல எல்லாரும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் மறுகரைக்கு நடக்க வேண்டும். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினால் சிலர் இரண்டிலேயே தூக்கிவிடுவார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா போடுவது போல ஒரு பெரியவர் "ஏலேலோ" என்று நீட்டிச் சொல்லி, பிள்ளைகள் "ஐலசா" என்னும்போது தூக்கினால் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் எழும்பும்.

இரண்டாம் துண்டுதான் இந்தக் கதையின் உயிர். எலி ஓடிவந்து அரசனின் கட்டை வெட்டப் போகிறது. அரசனோ முதலில் என் கூட்டத்தை விடு, என்னைக் கடைசியில் விடு என்கிறான். உங்கள் மகளைப் புறா அரசன் சித்திரக்கிரீவன் ஆக்குங்கள், கடைசியாக விடுபடுவது அவளாக இருக்கட்டும். பிறந்தநாள் பிள்ளையே தன் முறைக்குக் காத்திருப்பதைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள், திடீரென்று கேட்டால் அழுகை வரும்.

கட்டு செய்யும் முறை: ஏ4 நிறத்தாளை நீளவாட்டில் 3 செ.மீ. அகலக் கீற்றாக வெட்டினால் ஒரு தாளில் 7 கீற்று வரும். அதை வளையமாக ஒட்டிக் கடதாசிச் சங்கிலி செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு 4 வளையம். ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை ஒரு நீளக் கயிற்றில். நடுவில் உள்ள ஒரு வளையம் மட்டும் சிவப்பு, கத்தரிக்கோல் படவேண்டியது அதில் மட்டும்தான். மணிக்கட்டு வளையத்தைப் பிறகு பிள்ளை தானே கையால் கிழிக்கட்டும். கிறேப் கடதாசி வாங்காதீர்கள். வியர்வை பட்டதும் சாயம் கையிலும் சட்டையிலும் இறங்கும், ஈரமானால் மொட்டைக் கத்தரிக்கோலுக்கு வெட்டுப்படாமல் மடங்கும்.

எலி ஒன்று போதாது. ஒரு கட்டு வெட்டி அடுத்ததுக்குப் போக 20 விநாடி என்று வைத்தாலும் 15 பேருக்கு 5 நிமிடம், கடைசியில் நிற்கிறவர்கள் தாங்களே பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். 4 எலி, ஆளுக்கு 3 புறா, ஒரு நிமிடத்தில் முடியும். நுனி மொட்டையான கத்தரிக்கோல் நாலு மட்டும், விளையாட்டு முடிந்த கையோடு எண்ணி வாங்கிவிட வேண்டும்.

வேடன் வேடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. பிறகு அந்தப் பெயரே பட்டமாகிவிடும். ஒரு மாமா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தால் போதும்.

ஊசிநூல் எழுதியது:

வலை பற்றி நான் சொல்லுறன். தங்கூசி வலையை, அதுதான் நைலோன் இழை வலையை, பிள்ளைகளின்ர கையில குடுக்கவே வேண்டாம். இழை மெல்லிசு, இழுபடேக்க விரலை வெட்டும். சட்டைப் பொத்தான், தோடு, பாதசரம் எல்லாம் கண்ணில மாட்டும், ஒரு பிள்ளை விழுந்தால் மற்றவை இழுக்க இழுக்க இறுகும். கழுத்தில மாட்டினால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. பழைய வலையில ஈயக் குண்டும் இருக்கும், மீன் வெடுக்கு எத்தனை தரம் கழுவினாலும் போகாது. ஆசைக்கு வேணுமெண்டால் ஈயத்தைக் கழட்டி, சவர்க்காரத் தண்ணியில ஊறவிட்டு, இரண்டு நாள் வெயிலில போட்டு, வேம்பில இரண்டரை மீற்றருக்கு மேல கட்டுங்கோ. கை எட்டக் கூடாது, அவ்வளவுதான்.

தூக்குறதுக்குப் பழைய பருத்திச் சேலை இரண்டு எடுங்கோ. நைலெக்ஸ், பட்டு வேண்டாம், கைக்கு வழுக்கும். சேலை ஒண்டு ஐந்தரை மீற்றர் நீளம், 1.15 மீற்றர் அளவு அகலம். இரண்டையும் நீளக் கரையோட கரை வைச்சுத் தைச்சால் ஐந்தரைக்கு 2.3 மீற்றர் துணி. சுத்தளவு பதினைஞ்சரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. 16 பிள்ளைகள் நிண்டால் ஆளுக்கு ஒரு மீற்றர் கிட்ட வரும், முழங்கை இடிபடாது. மூண்டாவது சேலையைச் சேர்க்காதேங்கோ, நடு தொய்ஞ்சு நிலத்தில அரையும், இந்த வயசுக்குப் பாரமும் கூட.

நடுத் தையல் முக்கியம். ஒரு தையலோட விட்டால் முதல் இழுவையிலேயே விரியும். கரையை மடிச்சு இரட்டைத் தையல் போடுங்கோ, இரண்டு முனையிலயும் முன்னுக்குப் பின்னுக்கு நாலு தரம் ஓட்டுங்கோ. பழைய சேலை மடிப்பு விழுந்த இடத்தில நைஞ்சிருக்கும், வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்து அந்த இடத்துக்கு உள்ளால ஒரு துண்டு வைச்சுத் தையுங்கோ. வலை மாதிரித் தெரிய மேல வெள்ளைக் கம்பளி நூலை 25 செ.மீ. கட்டமாக ஓட்டிவிடலாம். சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு குத்துத்தையல் போடாட்டில் நூல் தூங்கி விரலில மாட்டும்.

துணிக்கு மேல பலூன் போடுறதை விட, பழைய பேப்பரைக் கசக்கி உருட்டின 20 உருண்டை போடுங்கோ. கீழ விழாமல் கொண்டுபோனால் வெற்றி. பலூன் காத்துக்குப் பறக்கும், வேம்புக் குச்சி பட்டு வெடிக்கும், வெடிச்ச துண்டைச் சின்னன்கள் வாயில வைச்சால் மூச்சுக் குழலை அடைச்சுப்போடும். பிள்ளைகள் துணிக்குக் கீழ பூராமல் பார்க்க இரண்டு பெரியாக்கள் நிக்கவேணும்.

வேசம்: முழு முகமூடி வேண்டாம், வியர்க்கும், ஓடேக்க கண் தெரியாது. பிறிஸ்டல் போட்டில 5 செ.மீ. அகலப் பட்டி வெட்டித் தலையில சுத்துங்கோ. போட்டின்ர குறுகின பக்கமே தலைச்சுத்துக்குக் காணும். ஸ்ரேப்ளர் அடிச்சால் கம்பியின்ர கூர்ப்பக்கம் வெளியில இருக்கவேணும், மேல செலோடேப் ஒட்டுங்கோ.

பேரைப் பார்த்தால் வேசத்துக்கு யோசனை தானா வரும். சித்திரக்கிரீவன் எண்டால் பல நிறக் கழுத்துக்காரன். புறாவின்ர கழுத்தில வெயில் படேக்க பச்சையும் ஊதாவும் மினுங்குமே, அதுதான். ரொபிக் கடதாசியை ஒருநாளும் கழுத்தில கட்டவேண்டாம், பச்சையும் ஊதாவுமாகத் துண்டு வெட்டி சட்டைக் கொலரில ஒட்டினாலே மினுங்கும். மானின்ர பேர் சித்திராங்கன், புள்ளி போட்ட உடம்பு. பிரெட்றிக் கோட்டைக்குள்ள திரியிற புள்ளிமானைப் பார்க்காத பிள்ளை எங்கட ஊரில இல்லை, மண்ணிறப் பட்டியில வெள்ளைப் பொட்டு வைச்சால் உடன கண்டுபிடிப்பினம்.

ஆமை ஓட்டுக்கு அட்டைப்பெட்டி வெட்டிக் கஷ்டப்படாதேங்கோ. 35 செ.மீ. அளவு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து முதுகில வைச்சால் அசல் ஆமைதான், ஓலைப் பின்னலே ஓட்டுக் கட்டம் மாதிரி இருக்கும். விளிம்பு பிடரியைக் கீறும், அதால சுத்திவரப் பழைய துணி வைச்சுத் தையுங்கோ. கட்டுறதுக்கு 4 செ.மீ. அகலத் துணிப்பட்டி, புத்தகப்பை மாதிரி இரண்டு தோளுக்கும். கயிறு வேண்டாம்.

நிலாமுற்றம் கேட்டது:

வலிய நன்றி. சேலை யோசனை எனக்கு வந்ததே இல்லை. மூண்டாவது காட்சியை என்ன செய்யிறது? வேடன் ஆமையைக் கொண்டுபோறது. அதோட, 16 பேரும் புறாவாக நிண்டு முடிஞ்ச பிறகு, ஆர் காகம் ஆர் மான் எண்டு அடிபாடு வருமே?

முன்பள்ளிமேசை எழுதியது:

16 நாலால் பிரிபடும், அதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு காகம், ஒரு எலி, ஒரு ஆமை, ஒரு மான். நாலு நிறத் தலைப்பட்டியைச் சுருட்டி ஒரு பானைக்குள் போட்டு, கண்ணை மூடி எடுக்க விட்டால் வாக்குவாதம் இராது. எலி வேலையை இரண்டாம் காட்சியில் செய்தவருக்கே மறுபடி எலி வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றலாம்.

கதையில் மான் குளத்தங்கரையில் செத்தது போலக் கிடக்கிறது, காகம் அதன் மேல் இருந்து கொத்துவது போல நடிக்கிறது, வேடன் மானை எடுக்க ஆசைப்பட்டு ஆமையைக் கீழே வைக்கிறான், எலி கட்டைக் கடிக்கிறது. முதலில் இதை எல்லாரும் மானாகப் பாயில் படுத்து விளையாடட்டும்: வேடன் நடந்து வரும்போது அசையக் கூடாது, அசைந்தவர் எழும்பிக் காகமாகிக் கரைய வேண்டும். வெளியேற்றுவது என்று வைக்காதீர்கள், வெளியேறிய பிள்ளை சும்மா நின்று குழப்பும். கரைந்துகொண்டு நின்றால் அதற்கும் வேலை இருக்கிறது, கிடப்பவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதும் கடினமாகும்.

அதன் பிறகு அஞ்சல் ஓட்டம். மான் 10 மீற்றர் ஓடிப்போய்க் குழுவின் துணிப்பொதியை எடுத்து வரும். ஆமை அதைக் கடகத்தின் மேல் வைத்துத் தவழ்ந்து 4 மீற்றர் கொண்டுபோகும், விழுந்தால் நின்று எடுத்து வைக்கலாம். எலி பொதியின் கடதாசிக் கட்டை வெட்டும். உள்ளே நாலு மூலைப் படத்துண்டு, காகம் பார்த்துச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் பொருத்த வேண்டும். மெதுவாகப் போகிற ஆமையிடம் மற்றக் குழு முந்துகிறதே என்று கத்துவார்கள். அதனால் நேரம் எடுத்து ஒப்பிட வேண்டாம், நாலு குழுவின் படமும் சேர்ந்தால்தான் ஒரு பெரிய குளம் வரும்படி படத்தை வெட்டி வையுங்கள். முதலில் முடித்தவர்கள் தாமாகவே மற்றவர்களுக்கு உதவப் போவார்கள்.

ஈர்க்குக்கட்டு எழுதியது:

கேக்குக்கு வாறன். ஆமை ஓடு அரைவட்டமாக வர 20 செ.மீ. வாயுள்ள சில்வர் கோப்பையில் பேக் செய்யலாம். 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, 5 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இந்த அளவு கோப்பையில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும், அதற்கு மேல் நிரப்ப வேண்டாம். கோப்பைக் கேக்கில் எல்லாருக்கும் நடக்கிற பிழை, வழக்கமான 180 பாகையில் வைப்பது. ஓரம் கருகி வெடிக்கும், நடு மாவாகவே நிற்கும், ஆழம் கூட என்பதால். 160 பாகையில் வையுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். 50 நிமிடத்தில் நடுவில் ஈர்க்கைக் குத்திப் பாருங்கள், அதற்கு முன் கதவைத் திறந்தால் நடு அமுங்கிவிடும். மேல் நிறம் கூடினால் ஈயத்தாளால் மூடலாம். நன்றாக ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும்.

பட்டர் ஐசிங் ஓகஸ்ட் வெக்கைக்கு நிற்காது, பட்டர் 30 பாகை தாண்ட இளகி வழியும். பொண்டன்ற் வேறு வில்லங்கம்: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கடற்கரைக் காற்றின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படியும், பச்சைச் சாயம் வெள்ளைத் தட்டில் ஓடும். கேக்குக்கு மேலே சொக்கலேட்டை மெல்லிசாகப் பூசி, ஓட்டுக் கட்டத்துக்கு மாறி (Marie) பிஸ்கட்டை ஒட்டுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, இடைவெளிக்குப் பாதிப் பிஸ்கட். வெட்டுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் ஒட்டினால் போதும், காலையிலேயே ஒட்டினால் பின்னேரம் பிஸ்கட் நமத்துப் பிசுபிசுக்கும். தலைக்கும் காலுக்கும் அதே மாவில் சின்னக் கப் கேக் ஐந்து வேண்டும், அதற்காக 100 கிராம் அளவைக் கூட்டிச் செய்யுங்கள்.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு ரவைக் கேசரியை ஒரு கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தால் அதுவும் ஆமை ஓடுதான். ஓரமாக வேறு தட்டில் ஒதுக்கி வைக்காமல் பெரிய ஆமைக்குப் பக்கத்திலேயே குட்டி ஆமையாக வையுங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

குளத்துக்கு ஜெலி செய்யுங்கள், ஆனால் கடைப் பெட்டி ஜெலி வேண்டாம். ஜெலற்றின் எந்த மிருகத்தில் எடுத்தது என்பது முஸ்லிம் வீடுகளில் முதல் கேள்வி, நியாயமான கேள்வி. இந்த வெக்கையில் அது மேசையிலேயே தண்ணீராகவும் போகும். கடற்பாசி, அதாவது அகர் அகர் தூள் எடுத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும், அது சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகி அப்படியே நிற்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் தூள், 100 கிராம் சீனி. தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு கொதிக்க வைத்து, கொதி வந்த பின் இரண்டு நிமிடம் கிளற வேண்டும். சூடாகினால் போதும் என்று இறக்கினால் இறுகாது, அடியில் மணல் மாதிரிப் படியும். நீல நிறத்துக்கு ஒரு கோப்பைச் சுடுநீரில் 20 சங்குப்பூ ஊறவிட்ட சாயம். லீற்றர் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்ப் புளி ஒரு துளி பட்டாலும் நீலம் ஊதாவாக மாறும், அதைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஒரு கிளாசில் செய்து காட்டலாம். 30க்கு 20 செ.மீ. தட்டில் ஊற்றினால் ஒன்றரை செ.மீ. தடிப்பில் வரும், வெட்டினால் முப்பதுக்கு மேல் துண்டு.

வேடன் தூவிய தானியமாக அவித்த கௌப்பி கொடுங்கள், கடதாசிச் சுருளில். 16 பேருக்கு 500 கிராம் காணும். காலையில் ஊறப்போட்டு, இடையில் ஒரு தரம் தண்ணீர் மாற்றி, 2 மணி போல் அவித்துத் தாளியுங்கள். தேங்காய்ப்பூவை முன்கூட்டிப் போட்டால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும், பரிமாறும்போதுதான் போட வேண்டும். கச்சான், எள்ளுருண்டை, கஜு எதையும் மேசையில் வைக்க முன் ஒத்துவராத பிள்ளை இருக்கிறதா என்று அழைப்பிதழ் கொடுக்கும்போதே தாய்மாரிடம் கேளுங்கள். கூட வருகிற சின்னத் தம்பி தங்கச்சிகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கக் கூடாது, தொண்டைக்குள் போகும்.

வாடைக்காற்று எழுதியது:

ஒருத்தரும் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. ஓகஸ்டில் எங்கள் பக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, சூடாக இழுத்து இழுத்து அடிக்கும். ஐந்தரை மீற்றர் துணியை அந்தக் காற்றுக்குள் 7 வயதுப் பிள்ளைகள் தூக்கினால் அது பாய்மரம் மாதிரி உப்பி எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தென்மேற்குப் பக்கம் வீடு மறைப்பாக இருந்தால் நல்லது. முற்றம் திறந்த பக்கமாக இருந்தால் கிடுகு நாலைந்தை நிறுத்திக் கட்டுங்கள், தறப்பாள் கட்டினால் அதுவும் உப்பும். துணியை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். காற்று பலமாக வந்தால் பெரியவர் "இறங்கு" என்று கத்தியதும் எல்லாரும் புறாவாகக் குந்த வேண்டும், துணி தானாக நிலத்தில் அமரும். இதை இரண்டு தரம் பழக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்று மணிக்கு மணல் வெறுங்காலுக்குச் சுடும். 4.15க்கு ஆரம்பித்தால் வேம்பு நிழல் முற்றத்துக்கு வந்துவிடும். ஓட்டம் எல்லாம் 5.30க்குள் முடித்து, சாப்பாடு, கேக் என்று போனால் ஆறரைக்கு இருட்டு வரும்போது பெற்றோர் வந்து நிற்பார்கள். நாலு மணிக்கு முற்றத்துக்கு இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். கேக் விறாந்தைக்குள்தான், வெளியில் மெழுகுதிரி நிற்காது. குடிக்கத் தண்ணீர் 10 லீற்றராவது வையுங்கள், ஒவ்வொரு காட்சி முடிவிலும் கட்டாயம் குடிக்க வைக்க வேண்டும்.

இதை உப்புவெளிக் கடற்கரையில் வைத்தால் என்ன, புறாத்தீவுக்கே கூட்டிப் போனால் என்ன என்று யாராவது சொல்லக்கூடும். புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்குள்ள மாடப்புறாக்களால்தான், பொருத்தம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அது கடல்சார் தேசியப் பூங்கா, துணியும் கயிறும் கடதாசியும் கொண்டுபோய் விளையாடுகிற இடமில்லை. கடற்கரையில் 16 பிள்ளைகளுக்கு 5 பெரியவர்கள் காணாது, பாதிப் பேர் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். உங்கள் முற்றம்தான் சரி.

நிலாமுற்றம் கேட்டது:

கிடுகு கட்டுறன். கடைசியா ஒண்டு: சொன்ன 16 ஒருநாளும் 16 ஆக நிக்காது. 14 வந்தாலும் வரலாம், தம்பி தங்கச்சியோட 19 வந்தாலும் வரலாம். நாலு பேர்க் குழு என்ன செய்யிறது?

முன்பள்ளிமேசை எழுதியது:

குறைந்தால் காகமும் எலியும் ஒரே பிள்ளை. இரண்டு வேலையும் ஓட்டத்தின் கடைசியில்தான் வருகின்றன, மோதாது. 14 வந்தால் இரண்டு குழுவில் நாலு பேர், இரண்டு குழுவில் மூன்று பேர். கூடினால் இரண்டாவது மான், ஒருவர் போக ஒருவர் திரும்ப ஓடட்டும். ஆமையை மட்டும் கூட்டாதீர்கள், கடகம் நாலுதான் இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கத்தரிக்கோல் இல்லை, அவர்களைப் புறாக்குஞ்சுகளாகத் துணியின் நீளப் பக்கத்தில் இரண்டு பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் விடுங்கள். மூலையில் நிறுத்தினால் திரும்பும்போது இழுபட்டு விழுவார்கள். தலைப்பட்டி 20 செய்து வையுங்கள், சங்கிலியும் அப்படியே.

ஊசிநூல் எழுதியது:

சங்கிலி கட்டுற கயிற்றை மரத்தில கட்டாதேங்கோ, இரண்டு முனையிலயும் ஒவ்வொரு பெரியாள் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். ஒரு பிள்ளை தடுக்கினால் உடன கயிற்றைக் கீழ விடலாம்.

நிலாமுற்றம் எழுதியது:

சரி, சேலை இரண்டும் இண்டைக்கே எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தன். ஒண்டு தலைப்புப் பக்கம் நைஞ்சிருக்கு. உள்ளால துண்டு வைச்சுத் தைக்கிறன்.